பழைய மனைகளும் நிலநடுக்கமும்: வலுவூட்டல் முயற்சியின் வரலாறு (1885–2015)

1. முன்னுரை

வரலாறு எழுதப் புகுவோர் அரண்மனைகளையும் கோட்டைகளையும் கோயில்களையும் பற்றி விரித்துரைப்பர்; மக்கள் உண்டும் உறங்கியும் வாழ்ந்த வீடுகளைப் பற்றி உரைப்பது அரிது. கோயில் தன் காலத்தைத் தன் கல்வெட்டாலேயே கூறிக்கொள்ளும்; வீட்டிற்கு அத்தகைய வாய் இல்லை. ஆயினும் நிலநடுக்கம் நேர்ந்த நாளில் இந்நிலை மாறிவிடுகின்றது. எவ்வீடு நின்றது, எவ்வீடு விழுந்தது, அதற்குக் காரணம் யாது என்னும் வினாக்கள் எழுகின்றன. அவற்றிற்கு விடை தேடியோர் எழுதி வைத்த அறிக்கைகளும் குறிப்புகளும் எளிய மக்களின் மனைகளைப் பற்றிய நுட்பமான சான்றுகளாக இன்று நமக்குப் பயன்படுகின்றன.

இந்தியத் துணைக்கண்டத்தில் 1885-ஆம் ஆண்டு முதல் 2015-ஆம் ஆண்டு வரை நேர்ந்த பெரு நிலநடுக்கங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றின் வழியே பழைய வீடுகளை வலுவூட்டும் எண்ணம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நடுக்கத்தைத் தாங்கும் வீட்டை அமைக்கும் அறிவு இந்நாட்டிற்குப் புதியதன்று. அங்ஙனமாகவும், மக்கள் முன்பே கட்டிக் குடியிருந்துவரும் வீட்டைக் காக்கும் முயற்சி மட்டும் ஏன் இத்துணைக் காலந்தாழ்ந்து வந்தது? இதுவே ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளும் வினா.

சொல்லின் பொருளை முதற்கண் வரையறுத்துக்கொள்ளுதல் நலம். விழுந்த காரையைப் பூசுதல், உடைந்த ஓட்டை மாற்றுதல் போல்வன செப்பனிடல் ஆகும். சிதைந்த சுவருக்கு அது முன்பிருந்த வலிமையைத் திரும்ப அளித்தல் மீட்டமைத்தல் ஆகும். வலுவூட்டல் இவ்விரண்டினும் வேறானது. முன் எக்காலத்தும் தனக்கு இல்லாதிருந்த வலிமையை ஒரு பழைய கட்டடத்திற்குப் புதிதாக ஊட்டுவதே வலுவூட்டல். இம்மூன்றையும் ஒன்றாகக் கருதியமையால் நேர்ந்த இழப்புகள் பல என்பதைப் பின்னர்க் காண்போம்.

2. சுவர் விழும் முறை

வீடு விழுவதற்குரிய காரணத்தைச் சுருக்கமாகவேனும் அறிந்தாலன்றி வரலாற்றின் போக்கு விளங்காது. வீட்டின் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவதற்கென எழுப்பப்படுவது. நிலநடுக்கமோ பக்கவாட்டில் உலுக்குகின்றது. நிலம் திடீரென ஒரு புறம் நகரும்போது, அடித்தளம் அதனுடன் நகர, மேலுள்ள சுவரும் கூரையும் தத்தம் எடையினால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கின்றன. ஆகவே எடை மிகுந்தோறும் சுவரின் மீது தாக்கும் விசையும் மிகுகின்றது. தடித்த சுவரும் கனத்த கூரையும் காவல் என மக்கள் கொண்டிருந்த நம்பிக்கை இங்கே தலைகீழாகிவிடுகின்றது.

இரண்டாவது காரணம் பிணைப்பின்மை. நான்கு சுவர்களும் மூலைகளில் ஒன்றோடொன்று கட்டுண்டு நின்றால் வீடு ஒரு பெட்டியைப் போல இயங்கும். ஒரு சுவருக்கு வரும் விசையை மற்றொன்று பகிர்ந்துகொள்ளும். மூலைகள் பிரிந்துவிடின் ஒவ்வொரு சுவரும் தனித்து நின்று ஆடி வெளிப்புறமாகச் சாயும். சாயவே, அதன்மேல் ஊன்றிய கூரை உள்ளே வீழும். உறங்குவோர் மாள்வது பெரும்பாலும் இவ்வாறுதான். மூன்றாவது காரணம் சுவரின் உள்ளமைப்பிலேயே உள்ளது. கருங்கற் சுவர்கள் பல, உள்முகம் ஒன்றும் புறமுகம் ஒன்றுமாக இரண்டு வரிசை எழுப்பி, இடையில் சிறு கற்களையும் மண்ணையும் இட்டு நிரப்பிய அமைப்புடையன. இரு முகங்களையும் ஊடுருவி நிற்கும் நெடுங்கற்கள் இல்லையேல், உலுக்கலில் நடுவிலுள்ள நிரப்பு கீழிறங்கி ஆப்பைப் போல் இரு முகங்களையும் பிளந்து தள்ளிவிடும்.

எடை குறைத்தல், பிணைத்தல், சுவரின் இரு முகங்களையும் கோத்தல் என்னும் மூன்றுமே நடுக்கத்தைத் தாங்கும் கட்டடக் கலையின் அடிப்படைகள். இவற்றை நூல்வழி அறியாத கொத்தரும் தச்சரும் சில நிலங்களில் கைவழி அறிந்திருந்தனர் என்பதற்குக் காசுமீரம் சான்றாகும்.

3. காசுமீரத்து மனைகள்

1885-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் காசுமீரப் பள்ளத்தாக்கில் பாராமுல்லாவை ஒட்டிய பகுதியில் கடும் நிலநடுக்கம் நேர்ந்தது. ஏறத்தாழ 3,000 மக்கள் மாண்டனர். அப்பொழுது சீனகரில் மருத்துவப் பணி புரிந்துவந்த ஆர்தர் நீவ் என்பார், 1913-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அந்நகரத்து வீடுகளைப் பற்றி ஒரு செய்தியைக் குறித்துள்ளார். அரண்மனையின் ஒரு பகுதியும் கனத்த பழங்கட்டடங்கள் சிலவும் இடிந்து விழுந்தன; ஆனால், காண்பார்க்கு இன்றோ நாளையோ சரிந்துவிடுவன போல் தோன்றிய சாதாரண வீடுகளுள் விழுந்தவை மிகச் சிலவே. மரம் தாராளமாகப் பயன்படுத்தப்பட்டு நன்கு இணைக்கப்பட்டிருந்தமையும், சுண்ணச்சாந்துக்கு மாறாகக் களிமண் இட்டமையால் செங்கற்களிடையே சிறிது நெகிழ்ச்சி இருந்தமையும் இதற்குக் காரணங்கள் என அவர் கருதினார். வீடு முழுதும் ஒருங்கே அசைந்தமையால் பிளவுறாது நின்றது என்பது அவர் கூற்றின் சாரம்.

அவ்வீடுகள் இருவகைப்பட்டன. ‘தாக்’ எனப்படும் முதல் வகையில், தடித்த செங்கல் தூண்களுக்கிடையே மெல்லிய சுவர் நிரப்பப்பட்டு, ஒவ்வொரு தளத்தின் மட்டத்திலும் மரச்சட்டங்கள் சுவரைச் சுற்றிக் கட்டு வளையம் போல ஓடுகின்றன. ‘தஜ்ஜி தீவாரி’ எனப்படும் இரண்டாம் வகையில், மரச்சட்டகம் சிறு சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, அக்கட்டங்கள் கல்லாலோ செங்கல்லாலோ மண்ணிட்டு நிரப்பப்படுகின்றன. துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த போர்வையை ஒத்தமையால் இப்பெயர் அமைந்தது என்பர். உலுக்கலின்போது நிரப்புக் கற்கள் தத்தம் கட்டத்துக்குள் சிறிதே அசைந்து உராய்கின்றன. அவ்வுராய்வினால் நடுக்கத்தின் ஆற்றல் செலவாகிவிடுகின்றது. ஒரு கட்டத்தில் விழுந்த வெடிப்பு அடுத்த கட்டத்திற்குப் பரவ மரச்சட்டம் இடந்தருவதில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வமைப்பு நடுக்கத்தை எண்ணியே கண்டுபிடிக்கப்பட்டது எனத் துணிந்துரைத்தல் ஏற்புடையதன்று. மரச்சட்டகச் சுவர் பொருட்செலவைக் குறைப்பது. ஏரியும் சேறும் சூழ்ந்த மென்னிலத்தில் கட்டடம் சமனின்றி அமிழ்ந்தாலும் பிளவுபடாது நிற்க உதவுவது. பல காரணங்கள் கூடி ஒரு மரபை உருவாக்கியிருத்தல் கூடும். ஆயினும், அடிக்கடி நடுக்கம் நேரும் நிலத்தில் விழுந்த வகை கைவிடப்பட, நின்ற வகை பின்பற்றப்பட்டு வழக்கில் நிலைத்தல் இயல்பு. நினைவே ஆசானாக இருந்த இடம் காசுமீரம் எனக் கூறலாம்.

4. அசாமும் 1897-ஆம் ஆண்டும்

1897-ஆம் ஆண்டு சூன் மாதம் 12-ஆம் நாள் மாலை, சில்லாங் பீடபூமியை மையமாகக் கொண்டு நேர்ந்த நிலநடுக்கம் உலகப் பெரு நடுக்கங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த ஆர். டி. ஓல்டாம் இதனை ஆராய்ந்து 1899-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, நிலநடுக்க இயலின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்றாகத் திகழ்கின்றது. சில்லாங்கில் ஆங்கிலேயர் எழுப்பியிருந்த கற்கட்டடங்கள் தரைமட்டமாயின. மரச்சட்டகத்தில் நாணல் வேய்ந்து காரை பூசிய வீடுகளும், பலகை வீடுகளும் அவற்றினும் மிகக் குறைந்த கேடே உற்றன. நடுக்கத்தின் பெருமையை நோக்க, மாண்டோர் தொகை ஏறத்தாழ 1,500 என்ற அளவில் நின்றமைக்கு, மக்கள் பலர் வெளியில் இருந்த மாலைப்பொழுதும் பெரும்பாலோர் இலேசான குடில்களில் வாழ்ந்தமையும் காரணங்களாயின.

இதன் பின்னரே ‘அசாம் வகை வீடு’ எனப் பெயர் பெற்ற அமைப்பு அப்பகுதியில் பரவி நிலைத்தது. தாழ்வான அடிப்பீடம், மரத்தூண்கள், ‘இக்கரா’ என்னும் நாணலைப் பரப்பி மண்ணும் சாந்தும் பூசிய மெல்லிய சுவர்கள், நெளிதகரக் கூரை ஆகியவை அதன் உறுப்புகள். ஆட்சியாளர் தம் கல் மாளிகைகளை விடுத்து, உள்நாட்டுக் குடிலின் பொருளையும் முறையையும் தமதாக்கிக்கொண்ட நிகழ்ச்சி இது. கட்டடக் கலை வரலாற்றில் அறிவு மேலிருந்து கீழே வருவதாகவே பொதுவாகக் கூறுவர். இங்கே அது கீழிருந்து மேலே சென்றது.

எனினும் ஒன்று நோக்கத்தக்கது. அசாமில் நிகழ்ந்தது மாற்றிக் கட்டுதலேயன்றி வலுவூட்டலன்று. விழுந்த கல் மாளிகையின் இடத்தில் வேறொரு வீடு எழுந்தது. விழாது எஞ்சிய வலுவற்ற வீடுகளை என் செய்வது என்னும் வினா இன்னும் எழவில்லை.

5. பீகார் 1934: காரணம் பற்றிய ஒரு சொற்போர்

1934-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் பீகாரிலும் நேபாளத்திலும் நேர்ந்த நிலநடுக்கத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நடுக்கம் தமிழகத்தோடு எதிர்பாராத ஒரு தொடர்பு உடையது. தீண்டாமை ஒழிப்புப் பயணமாக அப்பொழுது தமிழகத்தில் சென்றுகொண்டிருந்த காந்தியடிகள், சனவரி 24-ஆம் நாள் திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனையே இப்பேரழிவு எனத் தம் நம்பிக்கையை வெளியிட்டார். இரவீந்திரநாத தாகூர் இதனை மறுத்தார். இயற்கை நிகழ்ச்சிகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு. அறநெறியோடு அவற்றைப் பிணைத்துப் பேசுதல் மக்களிடம் பகுத்தறிவுக்கு மாறான போக்கை வளர்க்கும் என்பது அவர் கருத்து. அவரது மறுப்பையும் தம் விடையையும் காந்தியடிகள் தம் ‘அரிசன்’ இதழிலேயே வெளியிட்டமை அவ்விருவர்தம் பெருமைக்கும் சான்றாகும்.

இச்சொற்போரை அறிஞர் பலர் சமயம், அறிவியல் என்னும் இரு நோக்குகளின் மோதலாக ஆராய்ந்துள்ளனர். நம் பொருளுக்கு வேண்டுவது வேறொன்று. நிலம் ஏன் நடுங்கியது என்பதே அன்று பலராலும் பேசப்பட்ட வினா. வீடு ஏன் விழுந்தது என்னும் வினா அத்துணைப் பெரிதாக எழவில்லை. நிலம் நடுங்குவதை மாந்தர் தடுக்கவியலாது. வீடு விழுவதைத் தடுக்கவியலும். முதல் வினாவுக்கு விடை எதுவாயினும், இரண்டாம் வினாவே உயிரைக் காப்பது. இரண்டாம் வினாவை எழுப்பியவர் ஒருவர் அதே காலத்தில் பலுச்சிசுத்தானத்தில் பணி செய்துகொண்டிருந்தார்.

6. குவெட்டாவும் ஒரு பொறியாளரும்

1931-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் பலுச்சிசுத்தானத்தின் மாச் என்னும் ஊரை ஒட்டி நிலநடுக்கம் நேர்ந்தது. இருப்புப்பாதைத் துறையின் கட்டடங்களும் சேதமுற்றன. அத்துறையில் பணியாற்றிய எஸ். எல். குமார் என்னும் இளம் பொறியாளரிடம், நடுக்கத்தைத் தாங்கவல்ல ஊழியர் குடியிருப்புகளைக் குவெட்டாவில் அமைக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இத்தாலியிலும் சப்பானிலும் நிகழ்ந்த ஆய்வுகளை அறிந்திருந்த அவர், இரும்புச் சட்டகத்தோடு சுவரைப் பிணைத்து எடை குறைந்த வீடுகளைக் கட்டினார். தம் கணக்கீட்டு முறையையும் அனுபவத்தையும் 1933-ஆம் ஆண்டு பஞ்சாப் பொறியியல் பேரவையில் கட்டுரையாக அளித்தார். இந்திய நாட்டை நடுக்க அச்சத்தின் அளவுக்கேற்ப மண்டலங்களாகப் பகுத்துக் காட்டிய முதல் வரைபடம் அக்கட்டுரையில் இடம்பெற்றதாகும்.

1935-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் விடியற்காலையில் குவெட்டா நகரம் அழிந்தது. மாண்டோர் முப்பதாயிரத்திற்குக் குறையார் என்பது பொதுவான மதிப்பீடு. மண்சாந்தில் எழுப்பிய செங்கல் வீடுகள் நிறைந்த நகர்ப்பகுதி கற்குவியலாயிற்று. குமார் அமைத்த இருப்புப்பாதைக் குடியிருப்புகள் நின்றன. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் முடிவு இரண்டே ஆண்டுகளில் இத்துணைக் கொடிய சோதனைக்கு உட்பட்டு மெய்ப்பிக்கப்பட்ட நிகழ்ச்சி அரிதினும் அரிது. இதன் பின்னர், செங்கற் சுவரினுள் இடைவெளி விட்டு இரும்புக் கம்பிகளை நிறுத்திச் சிமிட்டி இட்டு நிரப்பும் ‘குவெட்டாப் பிணைப்பு’ என்னும் முறையும், நடுக்கத்தைக் கருதிய கட்டட விதிகளும் அந்நகரில் நடைமுறைக்கு வந்தன.

ஆயினும் இவ்வெற்றியில் ஒரு துயரமும் அடங்கியுள்ளது. 1931-க்கும் 1935-க்கும் இடையில் குவெட்டாவில் இருவகை வீடுகள் இருந்தன: அறிவு எட்டிய புதிய வீடுகள் ஒரு வகை, அறிவு எட்டாத பழைய வீடுகள் மற்றொரு வகை. துறைக்குரிய புதிய கட்டடம் என்பதனால் முன்னது காக்கப்பட்டது. மக்கள் தாமே கட்டிக் குடியிருந்த பழைய வீடு என்பதனால் பின்னது கைவிடப்பட்டது. நகர்ப்பகுதி வீடுகளின் மூலைகளைக் கட்டி, கூரையைச் சுவரோடு பிணைத்திருந்தால் விளைவு எவ்வாறு இருந்திருக்கும் என எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாறு செய்யும் எண்ணமே அன்று எவர்க்கும் தோன்றவில்லை.

7. விதிகளும் அவற்றின் எல்லையும்

விடுதலைக்குப் பின் இத்துறை நிலைபெற்றது. ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தில் 1960-ஆம் ஆண்டு நிலநடுக்கப் பொறியியலுக்கெனத் தனி ஆய்வுப் பள்ளி தோன்றியது. செய் கிருட்டிணா, ஆனந்த சுவரூப் ஆரியா முதலிய பேராசிரியர்கள் அதனை வளர்த்தனர். இந்தியத் தர நிறுவனம் நடுக்க விசையைக் கணக்கிடும் விதிநூலை 1962-இலும், கட்டட அமைப்புக்குரிய விதிநூலை 1967-இலும் வெளியிட்டது. 1967-ஆம் ஆண்டு திசம்பர் 11-ஆம் நாள் கொய்னா அணைப்பகுதியில் நேர்ந்த நடுக்கம், தக்காணம் அசைவற்ற நிலம் என்னும் கருத்தை ஐயத்துக்கு உள்ளாக்கியது.

விதிநூல் இனிக் கட்டப்போகும் வீட்டை நோக்கிப் பேசுவது. கட்டி முடிந்த வீட்டை நோக்கிப் பேசுவதன்று. ஒரு நாட்டில் ஓர் ஆண்டில் புதிதாக எழும் வீடுகள், முன்பே உள்ள வீடுகளில் ஒரு சிறு பங்கேயாகும். ஆதலின், சிறந்த விதி இன்றே நடைமுறைக்கு வரினும் மக்களுள் பெரும்பாலோர் பல பத்தாண்டுகள் விதிக்கு முந்தைய வீட்டிலேயே வாழ்வர். சப்பான் நாடு இதனைத் துயரத்தோடு உணர்ந்தது. அந்நாட்டில் 1981-ஆம் ஆண்டிலேயே கடுமையான புதிய விதி வந்துவிட்டது. ஆயினும் 1995-ஆம் ஆண்டு சனவரி 17-ஆம் நாள் கோபே நகரில் நேர்ந்த நடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் மிகப் பலர் கனத்த ஓட்டுக்கூரையுடைய பழைய மர வீடுகளில் நசுங்கியவர்கள். அவ்வாண்டிலேயே பழைய கட்டடங்களை வலுவூட்டுவதற்கென அந்நாட்டரசு தனிச்சட்டம் இயற்றியது.

இந்தியாவில் பழைய கட்டடங்களின் செப்பனிடலையும் வலுவூட்டலையும் பற்றிய தனி வழிகாட்டு நூல் 1993-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மண் வீடுகளுக்கும், வலிமை குறைந்த கல், செங்கல் வீடுகளுக்கும் உரிய நூல்களும் அவ்வாண்டையனவே. முதல் விதிநூலுக்கும் இவற்றிற்கும் இடையே 31 ஆண்டுகள் கழிந்தன. ஏழையின் வீடு விதிநூலில் இடம் பெறுவதற்கு ஆன காலம் அது.

8. கில்லாரி

அதே 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், மகாராட்டிர மாநிலத்தின் இலாத்தூர், உசுமானாபாத் மாவட்டங்களில், பிள்ளையார் திருவுருவை நீரில் விடும் விழா முடிந்து மக்கள் உறங்கிய பின், விடியலுக்கு முன்னர் நிலம் நடுங்கியது. அளவை எண் 6.2 எனக் கணக்கிடப்பட்ட அந்நடுக்கம், அசாம் நடுக்கத்தோடு ஒப்பிட மிகச் சிறியது. ஆயினும் மாண்டோர் தொகை எண்ணாயிரத்தை ஒட்டியது. அன்று நடப்பிலிருந்த மண்டல வரைபடத்தில் அப்பகுதி அச்சம் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது.

சிறு நடுக்கம் பேரழிவாக மாறியமைக்குக் காரணம் வீடு. கில்லாரி வட்டாரத்து வீடுகளின் சுவர்கள் இரண்டடி முதல் நான்கடி வரை தடித்தவை. உருவற்ற கருங்கற்களை மண்சாந்தில் அடுக்கியவை. இரு முகங்களையும் கோக்கும் நெடுங்கல் அற்றவை. கூரையோ மரத்தின் மேல் ஓரடிக்குக் குறையாது மண் பரப்பிய பாரம். வெப்பம் மிகுந்த நிலத்தில் அவ்வீடு குளிர்ச்சி தந்தது, கள்வரிடமிருந்து காத்தது, பெருமையும் அளித்தது. நடுக்கத்தின்போது அதுவே கல்லறையாயிற்று. குடிசைகளில் வாழ்ந்தோர் பலர் உயிர் பிழைத்தனர்.

காசுமீரத்து வீடும் மரபு வீடே. கில்லாரி வீடும் மரபு வீடே. ஆதலின் ‘மரபு காக்கும்’ என்று கூறுதலும் பிழை, ‘மரபு கொல்லும்’ என்று கூறுதலும் பிழை. மரபு தனக்கு நினைவிருக்கும் இடரிலிருந்து மட்டுமே காக்கும். வெயிலும் கள்வரும் கில்லாரியின் நினைவில் இருந்தனர், நிலநடுக்கம் இல்லை. பல தலைமுறைகளாக நேராத ஒன்றைக் கொத்தனின் கை எங்ஙனம் கற்கும்? நினைவு இல்லாத இடத்தில் அதன் பணியை ஆராய்ச்சியே ஏற்றல் வேண்டும்.

உலக வங்கியின் துணையோடு மகாராட்டிர அரசு மேற்கொண்ட மறுவாழ்வுத் திட்டத்தில் 52 ஊர்கள் வேறிடத்தில் புதிதாக அமைக்கப்பட்டன. அதனோடு, ஏறத்தாழ 2,00,000 வீடுகளை இருந்த இடத்திலேயே செப்பனிட்டு வலுவூட்டும் பணியும் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. பழைய வீடுகளை வலுவூட்டுவதை இத்துணைப் பெரிய அளவில் இந்நாடு ஏற்றது அதுவே முதன்முறை எனலாம். முறைகள் எளியவை: கூரை மண்ணின் கனத்தைக் குறைத்தல், மரத்தூணும் உத்தரமும் கூடுமிடத்தில் சாய்சட்டம் அறைந்து சட்டகத்தை இறுக்குதல், சுவரைத் துளைத்து, வளைந்த கம்பி வைத்துச் சிமிட்டிக் கலவை நிரப்பி இரு முகங்களையும் கோத்தல், கதவு நிலைக்கு மேல் மட்டத்தில் கம்பி வலை பதித்துக் காரை பூசிச் சுவர்களைச் சுற்றிக் கட்டுதல். சட்டகம் பற்றிய செய்தி தனியே குறிக்கத்தக்கது. அவ்வட்டாரத்து வீடுகள் பலவற்றில் கூரையைத் தாங்கியது கற்சுவரன்று, உள்ளே நின்ற மரத்தூண்களே. சுவர் விழுந்த பின்னும் தூண்களின் மேல் கூரை நின்ற வீடுகள் காணப்பட்டன. வீட்டைக் காக்கும் உறுப்பு வீட்டினுள்ளேயே இருந்தது. அதனை இறுக்குதல் ஒன்றே வேண்டியிருந்தது.

மக்களோ இதனை எளிதில் ஏற்கவில்லை. தம் சுற்றத்தாரைக் கொன்ற கல்லை அவர்கள் மீண்டும் நம்ப மறுத்தனர். வலுவூட்டுவதற்கென அளிக்கப்பட்ட பொருளைக் கொண்டு, பழைய வீட்டை அவ்வாறே விட்டுவிட்டு, அதன் அருகில் செங்கல்லும் சிமிட்டியும் கொண்டு புதிய அறை ஒன்று எழுப்பிக்கொண்டோர் பலர். இதனை அறியாமை என ஒதுக்கிவிடலாகாது. சுவரினுள் மறைந்துவிடும் கம்பியைக் கண் காண்பதில்லை. புதிய அறையைக் கண் காண்கின்றது. காணாத வலிமையை நம்புமாறு செய்வதற்குக் கம்பியும் சிமிட்டியும் போதா; ஊரார் தம் கண்முன் தம் ஊர்க் கொத்தரே அப்பணியைச் செய்தல் வேண்டும். வலுவூட்டல் பொறியியலின் பகுதி மட்டுமன்று, சமூக நம்பிக்கையின் பகுதியுமாகும் என்பதே கில்லாரி அளித்த பாடம்.

9. பிற்கால நிகழ்ச்சிகள்

2001-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் கச்சுப் பகுதியில் நேர்ந்த, அளவை எண் 7.7 ஆகிய நடுக்கத்தில் பதினான்காயிரத்தை ஒட்டிய மக்கள் மாண்டனர். பூச்சு நகரத்துப் பழைய கல் வீடுகளோடு, தூண்களின் மேல் நின்ற புதிய அடுக்கு வீடுகளும் விழுந்தன. தொலைவிலுள்ள அகமதாபாத்திலும் அத்தகையன விழுந்தன. கான்கிரீட்டு என்னும் பெயரே காவலாகாது என்பது அன்று தெளிவாயிற்று. பன்னிப் புல்வெளிப் பகுதியில் ‘பூங்கா’ எனப்படும் வட்ட வடிவ மண் வீடுகள், கூம்பு வடிவப் புற்கூரையோடு பெரும்பாலும் நிலைத்து நின்றன. வட்டச் சுவருக்குப் பிரிந்துபோகும் மூலை இல்லை, புற்கூரைக்குக் கனமில்லை. நாம் முன்னர்க் கூறிய அடிப்படைகள் ஈண்டும் பொருந்துதல் காண்க.

2005-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் காசுமீரத்தில் மீண்டும் பேரழிவு நேர்ந்தது. பாக்கிசுத்தானப் பகுதியில் மட்டும் 73,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்லும் வலுவற்ற கான்கிரீட்டும் விழுந்த ஊர்களில் தஜ்ஜி வீடுகள் நின்றன. தொடக்கத்தில் இவ்வகை வீட்டிற்கு அரசின் மறுகட்டு உதவி விதிகளில் இடமில்லை. பின்னர், மக்கள் தாமாகவே அவ்வகையை மேற்கொள்வது கண்டும், வல்லுநர் எடுத்துரைத்தமையாலும் அரசு அதனை ஏற்று உதவி வழங்கியது. நீவ் தம் குறிப்பை வெளியிட்டு 90 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின் நிகழ்ந்த ஏற்பு இது.

2015-ஆம் ஆண்டு ஏப்பிரல் 25-ஆம் நாள் நேபாளத்தில் நேர்ந்த நடுக்கத்தில் ஒன்பதாயிரத்தை ஒட்டியோர் மாண்டனர். ஆயினும், காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் அதற்கு முன் வலுவூட்டப்பெற்றிருந்த பழைய பள்ளிக் கட்டடங்கள் நின்று, பின்னர் மக்களுக்குப் புகலிடமாகவும் பயன்பட்டன. அவற்றின் சுவர்களை உள்ளூர்க் கொத்தரே பயிற்சி பெற்று வலுவூட்டியிருந்தனர். குவெட்டாவில் புதிய கட்டடம் அளித்த சான்றினைக் காத்மாண்டுவில் பழைய கட்டடம் அளித்தது. இரண்டிற்கும் இடையே 80 ஆண்டுகள் கழிந்தன.

10. தமிழகம் நோக்கி

தமிழகத்தில் நிலநடுக்கம் அயலார் செய்தியாகவே கருதப்படுகின்றது. ஆயினும் 1900-ஆம் ஆண்டு பிப்பிரவரி 8-ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பகுதியில் அளவை எண் 6-ஐ ஒட்டிய நடுக்கம் நேர்ந்துள்ளது. கில்லாரி நடுக்கத்தின் அளவும் அதனை ஒட்டியதே. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சென்னை நகரம் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு உயர்த்தப்பட்டது. கில்லாரிப் பகுதியும் அவ்வாறே மூன்றாம் மண்டலமாயிற்று. நம் பழைய வீடுகளுள் பலவற்றின் மேல், மரக் கைகளின்மீது மென்செங்கற்களைச் சுண்ணச்சாந்தில் நெருக்கி அடுக்கிய மதராசுத் தளம் என்னும் கனத்த கூரை உள்ளது. அச்சத்தை விளைத்தற்பொருட்டு இதனைக் கூறவில்லை. வரைபடத்தில் காணும் அமைதி சுவரின் வலிமை ஆகாது என்னும் கில்லாரிப் பாடம் நமக்கும் உரியது என்பதே கருத்து.

தமிழ் ஆய்வாளர்க்கு இதில் தனிக்கடமை ஒன்று உண்டு. கடைக்கால், நிலை, உத்தரம், விட்டம், கைமரம் எனக் கொத்தரும் தச்சரும் வழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் உறுப்பின் தொழிலை உணர்த்துவன. சுவரை எவ்விடத்தில் எதனால் கட்டினர், மூலைக்கல்லை எங்ஙனம் மாறி மாறி அடுக்கினர் என்னும் செய்திகள் அச்சொற்களோடு ஒட்டி வாழ்கின்றன. முதிய கொத்தரோடு அச்சொற்களும் மறைந்துவிடின், ஒரு பழைய வீட்டைத் திறக்காமலே அதன் உள்ளமைப்பை உணர்தற்குரிய வழி ஒன்று மறைந்துவிடும். வட்டாரந்தோறும் இவற்றைத் தொகுத்தல் சொல்லாய்வுக்கும் பயன்படும்; வலுவூட்ட வரும் பொறியாளர்க்கும் பயன்படும்.

11. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் மூன்று.

ஒன்று: வீடு நிற்பதும் விழுவதும் அதன் பழமையாலோ புதுமையாலோ அமைவன அல்ல, எடையும் பிணைப்புமே அவற்றை உறுதி செய்கின்றன.

இரண்டு: நடுக்கத்தைத் தாங்கும் அறிவு முதலில் அரசின் புதிய கட்டடங்களையும், மிகப் பின்னரே மக்களின் பழைய மனைகளையும் அடைந்தது. அவ்விடைக்காலத்தில் மாண்டோர் அறிவு இல்லாமையால் மாண்டாரல்லர். இருந்த அறிவு தம் வாயிலை எட்டாமையால் மாண்டவர்கள்.

மூன்று: வலுவூட்டல் நிலைபெறுவதற்கு உள்ளூர்க் கொத்தரின் கையும் குடியிருப்போரின் நம்பிக்கையும் இன்றியமையாதன. இவை இரண்டும் இல்லாத இடத்தில் பொருள் செலவாகும், சுவர் வலுப்பெறாது.

சுவரின் உயரத்தில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்றும் நீளத்தில் 1.2 மீட்டருக்கு ஒன்றுமாக இரு முகங்களையும் ஊடுருவும் நெடுங்கல் வைத்தல் வேண்டும் என்பது 1993-ஆம் ஆண்டு விதிநூல் கூறும் அளவு. கில்லாரியில் அவ்வளவுக்குரிய கல்லுக்குப் பஞ்சமில்லை. அதனை வைக்கும் கொத்தரும் ஊர்தோறும் இருந்தனர். வைக்கவேண்டும் என்னும் செய்தி மட்டுமே அவ்வூர்களைச் சென்றடையவில்லை.